தங்கராசு தூக்கிய செம்பு

வடலூருக்கு வடக்கே தங்கராசுக்கு நாலு காணி புஞ்சையும் ஒரு கிணறும் இருந்தன. பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் தோண்டியபோது இரண்டும் அதற்குள் போயின. ஊரே போயிற்று.

அதன்பின் அவர் கடலூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். தோள் ஒத்துழைக்கவில்லை, இரண்டே மாதத்தில் திரும்பினார். மங்கலம்பேட்டைப் பக்கம் குத்தகைக்கு எடுத்த நிலம் இரண்டு வருடம் காய்ந்தது. 1964-ல், நாற்பத்தாறாவது வயதில், சுரங்கத் தொழிலாளர் கேண்டீனில் தண்ணீர் கொடுக்கும் வேலை கிடைத்தது. ஆறு மாதம் தற்காலிகம். புகார் வராமல் ஆறு மாதம் தாண்டினால் வேலை நிரந்தரம், குவார்ட்டர்ஸில் ஒரு வீடும் உண்டு. புகார் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போக வீடுதான் இல்லை.

மனைவி பட்டம்மாள் சிதம்பரத்தில் அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தாள். "அவுங்க ஆபீசுல இருக்காங்க" என்று அங்கே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். தங்கராசு மறுக்கவில்லை.

அதே சுரங்கத்தில்தான் சாமிக்கண்ணுவும் இருந்தார். தங்கராசின் நிலத்தில் பதினெட்டு வருடம் ஏர் ஓட்டியவர், சேரிக்காரர். ஊர் காலியான வாரமே மண் சுமக்கப் போனவர், இப்போது கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். காக்கிச் சட்டை, தோல் பூட்ஸ், இரண்டு அறை வீடு. அவர் வேறு ஷிஃப்டு என்பதால் நாலு மாதம் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளவே இல்லை. தங்கராசுக்கு அதுவே நிம்மதியாக இருந்தது.

ஐந்தாவது மாதம் ஷிஃப்டு மாறியது. மதியச் சாப்பாட்டு வரிசை தண்ணீர் டிரம்மைத் தாண்டி நகர்ந்துகொண்டிருந்தது. செம்பில் மொண்டு டம்ளரில் ஊற்றி ஒவ்வொருவரிடமும் நீட்ட வேண்டும். தங்கராசு நிமிர்ந்தார். எதிரே சாமிக்கண்ணு.

ஊரில் சேரி ஆட்களுக்குப் பாத்திரத்தில் தண்ணீர் கொடுக்கும் வழக்கம் இல்லை. செம்பை உயரத் தூக்கி, ஏந்திய கையில் ஊற்றுவார்கள். அன்று தங்கராசின் கை செம்பை மார்புக்கு மேலே தூக்கியது. பக்கத்திலேயே கழுவிய டம்ளர்கள் அடுக்கி இருந்தன. சாமிக்கண்ணு குனிந்து இரண்டு கையையும் ஏந்தினார். தங்கராசு ஊற்றினார், அவர் குடித்தார். இரண்டு கை நிறைய.

"என்னா சாமிக்கண்ணு, உங்க ஊரு இன்னும் மண்ணுக்குள்ள போவலியா?" என்று வரிசையில் ஒருவன் கேட்டான். நாலைந்து பேர் சிரித்தார்கள். சாமிக்கண்ணு நிமிர்ந்தார். முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டியது. பின்னால் நின்ற இருவர் சிரிக்கவில்லை. நேரே சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னார்கள்.

சூப்பர்வைசர் பொன்னுரங்கம் தங்கராசையும் சாமிக்கண்ணுவையும் அறைக்குக் கூப்பிட்டு, தாளில் புகாரை எழுதத் தொடங்கினார்.

"டம்ளர் இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சுங்க" என்றார் தங்கராசு.

"அப்பறம் ஏன்யா கையில ஊத்துன? இது போலீஸ் கேசு, தெரியுமா?"

பழக்கம் என்பதுதான் பதில். தங்கராசு தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான்தான் ஊத்தச் சொன்னேன் சார்" என்றார் சாமிக்கண்ணு. "கையெல்லாம் கிரீசு. டம்ளர்ல ஒட்டிக்குமேன்னு."

பொன்னுரங்கம் அவர் கையைப் பார்த்தார். சாப்பாட்டுக்காக சோப்புப் போட்டுக் கழுவிய கை.

"கிரீசோட சேத்தா குடிச்ச?"

"தாகம் சார்."

பொன்னுரங்கம் தாளைக் கிழித்துப்போட்டார்.

வெளியே வந்ததும் தங்கராசு பின்னாலேயே ஓடினார். "சாமிக்கண்ணு, எம் பொழப்பக் காப்பாத்திட்ட. எனக்காவ போயி..."

"உனக்காவ இல்ல." பதினெட்டு வருடமும் எஜமான் என்ற பொருளில் 'ஆண்டே' என்றே கூப்பிட்டு வந்தவர், அவரிடம் ஒருமையில் பேசியது அதுதான் முதல் முறை. "நீ ஊத்துனதச் சொன்னா, நான் ஏந்துனதையும் எழுதுவாங்க. எம்மவன் இங்க இஸ்கூல்ல படிக்கிறான். அவங்காதுக்குப் போவணுமா?"

அந்த அறையில் நின்ற நேரம் முழுவதும் தங்கராசு தன் வேலையை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார். சாமிக்கண்ணுக்கும் இழக்க ஒன்று உண்டு என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அதற்குள் சாமிக்கண்ணு போய்விட்டிருந்தார்.

மறுநாளிலிருந்து சாமிக்கண்ணு டிரம் பக்கம் வரவில்லை. வெளியே வெயிலில் இருக்கும் குழாய்க்குப் போய்க் குடித்தார். ஜன்னல் வழியாக அது தெரியும். தங்கராசு அந்த நேரத்தில் டம்ளர்களை எண்ணுவதுபோல் குனிந்தே நிற்பார்.

அடுத்த மாதக் கடைசியில் வேலை நிரந்தரமானது. புகார் ஏதும் இல்லை என்று உத்தரவில் எழுதியிருந்தது. அந்த வரியைத் தங்கராசு இரண்டாவது முறை படிக்கவில்லை.

பட்டம்மாள் சிதம்பரத்திலிருந்து தகரப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். வரிசையாக நின்ற ஒரே மாதிரி வீடுகளைச் சந்தோஷமாகப் பார்த்தாள்.

"நம்ம சாமிக்கண்ணு இங்கதான இருக்கான்? ஒரு குரல் குடுங்க, வந்து பொட்டியத் தூக்கட்டும்."

ரோட்டில் ஷிஃப்டு முடிந்த ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"மெதுவாப் பேசு" என்றார் தங்கராசு. குனிந்து பெட்டியைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டார். யார் முகத்தையும் பார்க்காமல், ரோட்டில் போகிறவர்களுக்குத் தன் முகத்தைப் பெட்டி மறைக்கும்படி பிடித்துக்கொண்டு நடந்தார்.