அப்பாவின் தொண்டையில் இன்னொருவர்

பக்கவாதம் அப்பாவின் பேச்சை எடுத்துக்கொண்டு பாட்டை விட்டுவைத்தது. தண்ணீர் என்று கேட்க வராது. பழைய சினிமாப் பாட்டு பல்லவியும் சரணமுமாக, ஓர் எழுத்து வழுக்காமல் வரும். அதுவும் அவர் குரலில் இல்லை. சென்னையில் ரெக்கார்டு கொடுத்துப் பேர்வாங்கி, எப்போதோ செத்துப்போன ஒரு பின்னணிப் பாடகரின் குரலில். சங்கரன்கோவில் வீட்டு முன்னறையில், நாடாக் கட்டிலில், எண்பது தாண்டிய உடம்புக்குள் அந்த மனிதர் இன்னும் இளமையாக இருந்தார்.

அதுதான் அப்பாவின் தொழில். மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவார். நோட்டீஸில் அவர் பெயர் இருக்காது. 'ஜூனியர்' என்று போட்டு அந்தச் சென்னைக்காரர் பெயர் இருக்கும். ஆடித்தபசுக்கு இங்கே, கோயில் கொடைக்குச் சிவகிரி, கல்யாணத்துக்குக் கடையநல்லூர். ஜனம் கண்ணை மூடிக் கேட்கும். திறந்தால் அப்பா தெரிந்துவிடுவாரே.

ஒரு கல்யாணத்தில் சரணத்தின் முடிவில் தன் ஆசைக்கு ஒரு சங்கதி போட்டுவிட்டார். பந்தலிலிருந்து ஒருவர் எழுந்து, "ஏ வே, ரெக்கார்டுல அப்படியா இருக்கு?" என்றிருக்கிறார். குழு நடத்தியவர் கொஞ்ச நாள் அப்பாவை மேடை ஏற்றவில்லை. அதற்கப்புறம் ரெக்கார்டில் சென்னைக்காரர் மூச்சு வாங்கும் இடத்தில்தான் அப்பாவும் மூச்சு வாங்கினார்.

சென்னைக்கும் போனார். பாடச்சொல்லிக் கேட்ட இசையமைப்பாளர் தலையாட்டி ரசித்துவிட்டு, "அதான் அவரே இருக்காரே, ரெண்டு எதுக்கு?" என்று காப்பி வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். சர்ச்சில் கீர்த்தனை பாடினாலோ தலைகள் திரும்பும். கதாநாயகன் ஆண்டவரைக் காதலிப்பது போல இருக்கும். "அண்ணாச்சி, நீங்க கிட்டார் மட்டும் வாசிங்களேன்" என்றார் போதகர், நோகாமல். பிறகு கீபோர்டு வந்தது, டிஜே வந்தது, கிட்டாரையும் யாரும் கேட்கவில்லை.

அவருக்கென்று இருந்த குரல் வீட்டுக்குள் மட்டும் புழங்கியது. கரகரத்த, சுருதிக்கு நிற்காத, செருப்பைத் தேடுகிற, குழம்பில் உப்பில்லை என்கிற குரல். எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மாவைக் கூப்பிட ஓர் "ஏட்டி". அம்மா கேட்டது அந்த ஒன்றைத்தான்.

"பாட்டெல்லாம் ஊருக்குப் பாடுனது. போறதுக்குள்ள என்னய ஒருக்கா கூப்பிடச் சொல்லுட்டி."

திருநெல்வேலியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன். "பாட்டும் பேச்சும் மூளைல வேற வேற இடம்க்கா," என்றாள். "அவருக்குத் தெரிஞ்ச பாட்டுல ஒரு சொல்ல எடுத்துட்டு, நீங்க கேக்கணும்னு நெனைக்கிற சொல்ல வச்சுப் பாடுங்க. கூடவே வருவாங்க."

அம்மா ஒரு காதல் பாட்டைத் தேர்ந்தாள். 'நிலவே' என்று வரும் இடத்தில் 'ஏட்டி' வைத்துப் பாடினேன். அப்பா இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டி நிறுத்தினார். 'நிலவே' என்று திருத்திப் பாடிக் காட்டினார். மறுபடி நான் ஏட்டி. மறுபடி அவர் நிலவே. அம்மாவே பாடிப் பார்த்தாள், தாளமும் இல்லாமல் சுருதியும் இல்லாமல். அவளுக்கும் திருத்தம் கிடைத்தது.

"பொண்டாட்டிய விட்டுட்டு நெலாவப் புடிச்சித் தொங்குதாரு பாரு," என்று சிரித்தவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

நாங்கள் விடவில்லை. காலையில் ஒருமுறை, காப்பிக்கு முன். பகலில், கஞ்சிக்கு அப்புறம். அவரும் விடவில்லை. செத்த வலது கை அப்படியே கிடக்க, இடது கை விரல்கள் போர்வையில் இல்லாத தந்திகளைச் சரியான இடத்தில் அழுத்தின. மழை வந்து போனது. கஞ்சி இறங்குவது குறைந்தது. இனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி அலைய வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர்.

ஒரு மத்தியானம், அம்மா ஈரத்துணியால் அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். யாரும் எடுத்துக் கொடுக்காமலே அப்பா அந்தப் பாட்டைத் தொடங்கினார். நிலவு வரும் இடத்துக்கு முன் குரல் உடைந்தது. சென்னைக்காரர் எங்கோ நழுவிப்போக, அடியிலிருந்து கரகரவென்று ஒன்று ஏறி வந்தது.

"ஏ..."

அம்மாவின் கை நின்றது. "சொல்லுங்க. இங்கனதான் இருக்கேன்."

அப்பா முகத்தைச் சுளித்தார். சுருதியைத் தவறவிட்டவனின் வெட்கம் அந்த முகத்தில் தெளிவாக இருந்தது. இடது கையைக் கொஞ்சம் தூக்கி, மேடையில் பின்னால் வாசிப்பவர்களை நிறுத்துவதுபோல் காட்டினார். பிறகு பல்லவியிலிருந்து ஆரம்பித்தார். நிலவே வந்தது, பிசிறில்லாமல், மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் வாங்கி.

நான் குறுக்கே பாட வாயெடுத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்கள் ஈரமாக இருந்தன.

"விட்டுரு மக்கா," என்றாள். "அவ்வளவு கூட்டத்துல நம்மள எப்படிக் கூப்பிடுவாரு."