வெறுங்கைச் சாமியும் மருந்து அறையும்

புது அச்சு மையின் வாசனை எங்காவது மூக்கில் ஏறினால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது, இரண்டு அலகு முளைத்த ஒரு மயில்தான். சிவகாசியில் பெரியப்பா நடத்திய சின்ன அச்சகத்தில், நிறம் விலகி, மயிலுக்கு இரண்டு அலகு விழுந்து அச்சான காலண்டர் தாள்களை 'வேஸ்ட் ஷீட்' என்று மாடியறையில் அடுக்கியிருப்பார்கள். அந்தத் தாள்களின் வெள்ளைப் பின்பக்கத்தில்தான் ஒரு மே மாத விடுமுறை முழுக்க நாங்கள் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் வாழ்ந்தோம்.

சின்ன வயதிலிருந்தே கோயம்புத்தூர் விடுதியில் படித்த பெரியப்பா மகன் கார்த்தி அண்ணன், இருபது பக்கம் கொண்ட ஒரு பகடையோடு வந்திறங்கியிருந்தார். அவர் கதை சொல்வார். கதைக்குள் நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் புகுந்து என்ன செய்கிறோம் என்று சொல்வோம். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்; எண் பெரிதாக விழுந்தால் பலிக்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு 'கிளாஸ்' உண்டு என்றார், நாங்கள் அதைத் 'தொழில்' ஆக்கிக்கொண்டோம். ஜெயிக்க ஜெயிக்கப் பாத்திரம் ஒவ்வொரு படியாக ஏறும்; அப்போது பழைய தொழிலையே தொடரலாம், இன்னொன்றைச் சேர்த்தும் கொள்ளலாம். பாத்திரம் செத்தால் அதை எழுதிவைத்த தாளைக் கிழித்துவிட வேண்டும், அந்த விடுமுறைக்கு அதோடு ஆட்டம் முடிந்தது என்பது அண்ணன் போட்ட சட்டம்.

எதிர்வீட்டுப் பாண்டி பாதி வீரன், பாதி மந்திரவாதி; இரும்புக் கவசம், வாள், போதாததற்கு நெருப்பு மந்திரம். நான் பாதி வீரன், பாதி களவாணி. ஜவுளிக்கடை பாய் மகள் நஸ்ரின் மட்டும் வெறும் துறவி. கவசமில்லை, ஆயுதமில்லை, காலில் செருப்புமில்லை. 'வெறுங்கைச் சாமி' என்று பெயர் வைத்தோம். எந்தச் சண்டையிலும் முதலில் சாகக் கிடப்பது அந்தச் சாமிதான்.

"ஏ நஸ்ரினு, அஞ்சாம் படியிலயாவது ஒரு வாளைத் தூக்கு. ஒஞ் சாமியைச் சுமந்தே என் தோளு போச்சு" என்பான் பாண்டி.

"நீ ரெண்டு கடை தொறந்து வச்சிருக்க, ரெண்டுலயும் சரக்கு இல்லலே" என்பாள் அவள்.

பட்டாசுக் கம்பெனி வேனில் ஏழாயிரம்பண்ணைக்கு வேலைக்குப் போய்வந்த என் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "சோறு பொங்குறவளும் நாந்தான், துணி தொவைக்கிறவளும் நாந்தான், கம்பெனிக்குப் போறவளும் நாந்தான். எனக்கு எம்புட்டுத் தொழிலுன்னு ஒங்க அண்ணனைக் கேட்டுச் சொல்லு" என்று சிரித்தாள்.

நஸ்ரினுக்கும் உள்ளூரப் பயம்தான். "இந்தத் தாளு கிழிஞ்சா லீவு பூரா சும்மா வேடிக்கை பாக்கணும்" என்று என்னிடம் சொன்னாள். ஆனாலும் ஐந்தாம் படியைத் துறவிக்கே கொடுத்தாள். புதிதாக ஒரு வித்தை கிடைத்தது: அவள் அடித்தால் எதிரி சில நொடி அசையாமல் உறைந்துபோகக்கூடும்.

"அம்புட்டுத்தானா?" என்றான் பாண்டி.

மறுநாள் மதியம் கதையில் ஒரு குகை வந்தது. உள்ளே வெடிமருந்துப் பீப்பாய்கள், நடுவில் பந்தம் பிடித்த காவல் பூதம். பாண்டி நெருப்பை வீசுவான், பூதம் தொலையும் என்பது அண்ணனின் கணக்கு. நாங்கள் மூவரும் ஒரே குரலில் கேட்டோம்: "உள்ள ஆளுக இருக்காகளா?"

எங்கே வெடிச்சத்தம் கேட்டாலும் எங்கள் தெருவில் முதலில் எழும் கேள்வி அது. அண்ணன் அதை யோசித்திருக்கவில்லை. தடுமாறி, "பின்னறையில கைதிங்க இருக்காங்க, ஊர்க்காரங்க" என்றார்.

அவ்வளவுதான். பாண்டி கவசத்தைக் கழற்றினான். நான் வாளை வாசலிலேயே வைத்தேன். இரும்பு உரசினாலும் செருப்பு தேய்ந்தாலும் மருந்து பற்றிக்கொள்ளும் என்பது எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீர் வாளி இருக்கிறதா, மணல் வாளி இருக்கிறதா என்று விசாரித்தோம்.

"டேய், இது விளையாட்டுடா! போடுங்கடா நெருப்பை!" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். யாரும் அசையவில்லை. கவசத்தையும் வாளையும் நெருப்பையும் கழித்தபின் எங்கள் இருவரிடமும் மிஞ்சியது ஒன்றுமில்லை.

"அண்ணே, எஞ் சாமி காலுல செருப்பு இல்லைல?" என்று மெதுவாகக் கேட்டாள் நஸ்ரின்.

"இல்ல."

"கையில இரும்பும் இல்லைல? அப்ப நான் போறேன்."

பூதம் சாய்ந்தால் பந்தம் மருந்தில் விழும். நின்ற வாக்கிலேயே அது உறைய வேண்டும். தவறினால் சாமியோடு உள்ளே இருப்பவர்களும் போவார்கள். பகடையை உள்ளங்கையில் வெகுநேரம் வைத்திருந்து உருட்டினாள். பதினெட்டு. உறைந்தது என்றார் அண்ணன். அவள் மூச்சுவிடாமல் காற்றில் கை நீட்டிப் பந்தத்தை வாங்கினாள், எழுந்தாள், பாதம் தேயாமல் நடந்தாள், மாடிப்படி ஓரமிருந்த நிஜ வாளித் தண்ணீரில் அதை முக்கினாள். அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கத்தவே தோன்றியது.

ஒரே தொழிலை நம்பிய பாத்திரம் தேறுமா என்று இந்த விளையாட்டுக்காரர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அடுத்த வாரமே பறக்கும் பூதமொன்று வந்தபோது அதே சாமி தரையில் நின்று வைதுகொண்டிருந்தது, பாண்டியின் மந்திரம்தான் எங்களைக் காப்பாற்றியது. எது கெட்டி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அந்த மாடியறை இடிபட்டுவிட்டது, பகடை எங்கே உருண்டதோ தெரியவில்லை. போன மாதம் சென்னையில் அலுவலக நண்பர்களோடு அதே ஆட்டம் ஆடினேன். மருந்துப் பீப்பாய் அறை வந்தது. நான் வாய் திறப்பதற்குள் ஒருவர் கொளுத்திவிட்டார், மேசையே கைதட்டியது. குனிந்து பார்த்தால் என் கால்கள் செருப்பைக் கழற்றி வைத்திருந்தன.

மறுநாள் நஸ்ரினைத் தொலைபேசியில் பிடித்தேன். கடையில் துணி கிழித்துக்கொண்டே முழுக்கதையையும் கேட்டாள். செருப்புக்குச் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"உள்ள ஆளுக இருந்தாகளா?" என்றாள்.

அந்த மேசையில் அதை யாரும் கேட்டிருக்கவில்லை.