கரும்புக் காட்டில் ஒரு முழுக்கைச் சட்டை

கோபிசெட்டிபாளையம் தாண்டி, மில் குடும்பம் ஒன்றின் பழைய பங்களா. சுற்றிலும் அவர்களுடைய தோட்டம். இப்போது அதற்கு இயற்கைப் பண்ணை என்று பெயர். சுற்றிப் பார்க்க வந்த எங்களை வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். மண்ணை உணர வேண்டுமாம். அதை விளக்கும் உரிமையாளர் மட்டும் ஷூவோடு நிற்கிறார்.

கரும்புக் காட்டில் மாராத்தாள் என்ற பெண் சோகையை, கரும்பின் காய்ந்த தோகையை, உரித்துக்கொண்டிருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. நாங்கள் படமெடுக்கப் போனைத் தூக்கியதும் உரிமையாளர் பதறுகிறார்.

"மாராத்தா, அந்தச் சட்டையக் கழட்டிப்போட்டு நில்லு. பாத்தா பாரம்பரியமா இருக்கோணும்."

மாராத்தாள் கையை நீட்டிக் காட்டுகிறார். புறங்கை முழுக்கக் கீறல்.

"சோகை அறுத்துப்போடுமுங்க. வேணுமுன்னா நீங்க சட்டையக் கழட்டிப்போட்டு உள்ள வாங்க. அவிய எத்தனை போட்டோ வேணுமுன்னாலும் எடுக்கட்டுங்க."

யாரோ சிரித்துவிடுகிறார்கள். உரிமையாளர் அவசரமாக மண்புழு உரத்துக்குத் தாவுகிறார். வெயில் பட்டால் புழுக்கள் எப்படித் துடிக்கும் என்று உருக்கமாகச் சொல்கிறார்.

மாராத்தாள் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு கரும்புக்குள் போகிறார். அவர் பின்னால் போக எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை.