ஈரக் காலும் மலைச் சப்பாத்தும்

இந்த நாட்டில் சப்பாத்துக்குள் இன்னொரு சப்பாத்து இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேலையால் வந்ததும் வாசலில் குந்தியிருந்து, கோது மாதிரிக் கடினமான வெளிச் சப்பாத்துக்குள் கையை விட்டு, உள்ளே இருக்கும் கம்பளிச் சப்பாத்தைப் பிடித்து இழுப்பேன். வரமாட்டேன் என்று அடம் பிடிக்கும். வெளிச் சப்பாத்து வாசலோடு நின்றுவிடும். உள்சப்பாத்து மட்டும் வீட்டுக்குள் வந்து, பழைய துவாய்க்கு மேல் இருந்து, ஹீட்டர் சூட்டில் விடியும்வரை காயும். கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் நாங்கள் இருக்கும் வீட்டுக்கு இரண்டே அறைகள். ஹீட்டர் ஒழுங்காகச் சுடுவது அம்மன் படம் வைத்திருக்கும் அறையில்தான். காலில் போட்ட ஒரு சாமானை அந்த அறைக்குள் என் மனைவி தவமணி விட்டது சின்ன விசயம் இல்லை. அவள் அதற்கு எப்படி இணங்கினாள் என்று எழுதினால், ஊரிலிருந்து இங்கே வரப் போகிறவர்களுக்கும், வந்து கால் விறைத்து நிற்பவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு தொடங்கியபோது பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. கூரை பாரம் தாங்காது என்று சனங்கள் பயந்தார்கள். நான் போய்க்கொண்டிருந்த தொழிற்சாலையில் ஆட்களை நிற்பாட்டியிருந்தார்கள். அதனால் கூரைப் பனி தள்ளும் வேலைக்குப் போனேன். முதலாளி, சாரதி, கூட்டாளி எல்லாம் றெஜான் என்ற ஒரே ஆள். ஐம்பத்தைந்து வயது இருக்கும், கியூபெக்காரர், இளமையில் பனிமலைகள் ஏறினவர். வேலை இல்-பிசார் என்ற இடத்துப் பெரிய தனி வீடுகளில். என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, முடிச்சை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏணியில் ஏற விடுவார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்குப் பிரெஞ்சு கொஞ்சம். மிச்சத்தைக் கை பேசும்.

முதல் நாள் என் சப்பாத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். அடுத்த நாள், தான் மலையேறப் போட்ட, உள்ளே கம்பளிச் சப்பாத்து வைத்த பழைய சப்பாத்தைக் கொண்டுவந்து நீட்டினார். எனக்கு முகம் சுண்டிப் போனது. ஒருவர் போட்டுக் கழித்ததை இன்னொருவரின் கையில் நீட்டினால் எங்கள் ஆட்களுக்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. “நோ, மேர்சி”, வேண்டாம் என்றேன். அளவு பிழை என்று அவர் நினைத்துக்கொண்டார். குனிந்து, பெருவிரல் வரும் இடத்தை அழுத்திக் காட்டி, “போன்! போன்!”, நல்லது நல்லது என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக வாங்கிக்கொண்டேன்.

“ஆர்ர கால் போனதோ தெரியா. மஞ்சத் தண்ணி தெளிக்காம உள்ள எடுக்க மாட்டன்” என்றாள் தவமணி.

“மலையேறின சப்பாத்து கா. கைலாயத்துக்கும் போயிருக்கும்” என்றேன்.

“அப்ப சிவபெருமானுக்கிட்டயே குடுத்துட்டு வந்திருக்கலாமே அந்த மனிசன்.”

தெளித்துத்தான் விட்டாள்.

அருமையான சப்பாத்து. பனிக்கட்டியில் வழுக்காது. ஆனால் வேலை தொடங்கி இரண்டு மணித்தியாலத்தில் என் கால்விரல்கள் விறைத்துவிடும். சொக்ஸ் இரண்டு போட்டேன். போதாதென்று மூன்று போட்டேன். இன்னும் மோசமானது. றெஜானிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

மட்டக்களப்புப் பக்கம் எங்கள் ஊர்த் திரௌபதை அம்மனுக்கு நான் ஏழு வருசம் தீ மிதித்தவன். விரதம் காத்து, கடலில் குளித்து, உடுப்பும் காலும் ஈரமாகவே வந்து குழியில் இறங்குவோம். கீழே தணல் செக்கச் செவேலென்று கிடக்கும். அம்மனே என்று நடந்தால் ஒரு கொப்புளம் வராது. நெருப்பில் காத்தவள் பனியில் கைவிடுவாளா என்று இருந்தேன். கால் குளிருகிறது என்று வாய்விட்டுச் சொன்னால் அவளைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றும் ஒரு பயம். கூரையில் நிற்கிற தொழில் அல்லவா, காலையில் குளித்து, வெளிக்கிடும் கடைசி நேரத்தில் மறுபடியும் கால் கழுவி, விளக்கேற்றிக் கும்பிட்டு, திருநீறு பூசி, அந்த ஈரத்தோடேயே சொக்ஸை இழுத்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். அந்த ஈரத்தைத் துடைக்க மனம் வராது. அதுதான் எனக்குக் காவல் என்று நம்பினேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காற்று கத்தி மாதிரி வீசியது. கூரையில் பனியை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தவன் வலது காலைத் தூக்கி வைத்தேன். வைத்தது எனக்குத் தெரியவில்லை. கால் தரையில் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கப் போய்ச் சறுக்கினேன். கயிறு பிடித்துக்கொண்டது. “அரெத்!” என்று றெஜான் கத்தினார். நிறுத்து என்று அர்த்தம். ஏணியில் பாதி நடத்தியும் பாதி தூக்கியும் என்னை இறக்கி, வான் வண்டிக்குள் இருத்தி, சப்பாத்தைக் கழற்றினார். கடைசி இரண்டு விரலும் மெழுகுதிரி மாதிரி வெளுத்துக் கிடந்தன. நான் தேய்க்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவர் செய்ததை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. தன் ஜாக்கெட்டைத் திறந்து, சட்டையைத் தூக்கி, என் வெறுங்காலை இழுத்துத் தன் வெறும் வயிற்றில் வைத்து மூடிக்கொண்டார்.

தெரியாமல் ஒருவரில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த மனிதரின் வயிற்றில் என் பாதம். இழுத்தேன், அவர் விடவில்லை. வேறு வழியில்லாமல் எட்டி அவர் நெஞ்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். திரும்பவும் தொட்டேன், திரும்பவும் ஒற்றினேன். நான் கண்ணீர் துடைக்கிறேன் என்று அவர் நினைத்தார். “சா ஃபே மால்?” வலிக்கிறதா என்று கேட்டார். “நோ. பார்டோன், பார்டோன்”, மன்னியுங்கள் என்றேன். பாவம் என்பதற்கு எனக்குப் பிரெஞ்சு தெரியாது. கொஞ்ச நேரத்தில் விரலுக்குள் நூறு ஊசி ஏற்றின மாதிரி ஒரு நோவு வந்தது பாருங்கள், உண்மையாகவே அழுதேன். அவருக்கோ சந்தோசம். வலித்தால் உயிர் இருக்கிறது என்று தன் காலைத் தொட்டுக் காட்டினார்.

பிறகு என் சொக்ஸைப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது. “முயே!” என்றார். நனைந்திருக்கிறதாம். பனி உள்ளே போனதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டி, கால் கழுவுவது, விளக்கேற்றுவது, கும்பிடுவது எல்லாவற்றையும் கையால் நடித்துக் காட்டினேன்.

“கடவுளுக்காகவா காலை நனைக்கிறாய்?”

“வுய்” என்று தலையாட்டினேன்.

“உன் கடவுளின் வீட்டில் துவாய் இல்லையா?”

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவர் என் நெற்றியில் இருந்த திருநீற்றைக் காட்டி, உன்னிடம்தான் பவுடர் இருக்கிறதே, அதை விரல் இடுக்கில் போடு, ஈரத்தை உறிஞ்சும் என்றார். சிவ சிவா என்று காதைப் பொத்திக்கொண்டேன். என்னிடம் இருந்தது முடிந்துவிட்டதாக்கும் என்று விளங்கிக்கொண்டாரோ என்னவோ, அடுத்த நாள் வீட்டுக்கே குழந்தைப் பவுடர் ஒரு டின் கொண்டுவந்து தந்தார்.

விரல் விறைத்த அன்றே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். விரலை வெட்டத் தேவையில்லை, ஆனால் உணர்வு முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பின்னேரம் வீட்டில் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அம்மன் படத்தைப் பார்த்தபடி இருந்தேன். கால் நோவைவிட மற்ற நோவு பெரிதாக இருந்தது.

“ஏழு வருசம் தீ மிதிச்ச கால். அவவுக்கு நான் என்ன குறை வெச்சன்?” என்றேன்.

தவமணி தேத்தண்ணியைக் கையில் தந்தாள். “நெருப்புக்குப் போகக்குள்ள ஈரக் கால் வேணும். பனிக்குப் போகக்குள்ள காஞ்ச கால் வேணும். இது அம்மனுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியல்ல.”

“அப்ப ஏன் அவ காக்கல்ல?”

“காக்கலையா? ஒரு வெள்ளைக்காரன் தன்ட வயித்தத் திறந்து உங்கட கால வெச்சானே, அது ஆர் எண்டு நினைக்கிறீங்க?”

அவள் எழும்பிப் போய், வாசலில் கிடந்த உள்சப்பாத்து இரண்டையும் தன் கையாலேயே எடுத்து வந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். “மறுகா ஈரமாப் போட்டீங்களெண்டா நானே கால முறிப்பன்” என்றாள்.

இப்போது அரை மணித்தியாலம் முந்தி எழும்புகிறேன். கால் கழுவிக் கும்பிடுவதில் மாற்றம் இல்லை. கும்பிட்ட பிறகு இருந்து, விரல் விரலாகத் துடைத்துக் காயவிட்டு, பவுடர் போட்டு, மெல்லிய சொக்ஸ் ஒன்று, அதற்கு மேல் கம்பளிச் சொக்ஸ் ஒன்று. மூன்றாவது வேண்டாம், சப்பாத்து இறுகினால் இரத்தம் ஓடாது, இரத்தம் ஓடாவிட்டால் எந்தக் கம்பளியும் காப்பாற்றாது. இன்னொரு சோடியை ஜாக்கெட்டுக்குள் நெஞ்சுச் சூட்டில் வைத்திருந்து மத்தியானம் மாற்றுகிறேன். றெஜான் கயிற்று முடிச்சைப் பார்த்த பிறகு என் சொக்ஸையும் தொட்டுப் பார்ப்பார். இப்போது நான் காலை இழுப்பதில்லை. மனதுக்குள் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

டாக்டர் சொன்ன மாதிரியே அந்த இரண்டு விரலுக்கும் உணர்வு திரும்பவில்லை. இந்தப் பனிக்காலமும் கூரையில் நிற்கிறேன். மிச்ச எட்டு விரலும் இன்னும் மட்டக்களப்பு விரல்கள்தான்; முதல் குளிர் பட்டதுமே வா வீட்டுக்குப் போவோம் என்று கத்துகின்றன. எந்த வீட்டுக்கு என்று கேட்டால் அவற்றுக்குச் சொல்லத் தெரியாது. மற்ற இரண்டும் ஒன்றும் பேசாமல் பனிக்குள் நிற்கின்றன, இங்கேயே பிறந்தவை மாதிரி.