கணினிக்கு வந்த விக்கல்

என் வீட்டுக்காரருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. நான் வேலை பார்ப்பதோ தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், பில் போடும் இடத்தில். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கும் இதைவிடப் பெரிய வேடிக்கை இதுவரை கிடைக்கவில்லை. கல்யாணங்களில் இதைச் சொல்லிச் சிரிக்காமல் யாரும் பந்தியிலிருந்து எழுந்ததாக எனக்கு நினைவில்லை. முதலில் கோபம் கோபமாக வந்தது. இப்போது நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

அவர் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். கேள்வித்தாள், குறிப்புகள் எல்லாவற்றையும் வீட்டுக் கணினியில் தானே டைப் செய்வார். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று அதில் இருக்கிறது. பெண் குரல். அந்தக் குரலை அவர் வைத்திருக்கும் வேகத்தில் கேட்டால் நமக்குக் கடுகு பொரிவது போலத்தான் இருக்கும். அவர் அதைக் கேட்டுக்கொண்டே காபியும் குடிப்பார், என்னோடு சண்டையும் போடுவார். நான் அந்தக் குரலை 'உங்க ஆளு' என்றுதான் சொல்வேன். "உங்க ஆளை நிறுத்திட்டு சாப்பிட வர்றீங்களா?" என்பது எங்கள் வீட்டில் தினமும் கேட்கும் வாசகம்.

மானிட்டர் என்ற ஒன்று எங்கள் மேசைமேல் இருப்பது விருந்தாளிகளுக்காக. யாராவது வந்தால் போடுவோம். மற்ற நேரத்தில் அது இருட்டாகத்தான் கிடக்கும். அதன்மேல் நான் ஒரு பூத்துணி போட்டு வைத்திருப்பேன்.

சென்ற வருடம் காலாண்டுத் தேர்வு நெருங்கிய சமயத்தில் அவர் ஒருநாள் சொன்னார்: "என் ஆளுக்கு விக்கல் எடுக்குது."

பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் ஓர் இடத்தில் 'க்' என்று தடுக்கி, மறுபடி தொடர்கிறதாம். நான் வந்து கேட்டேன். எனக்கு முழுவதுமே விக்கலாகத்தான் கேட்டது. "பழசாயிடுச்சுங்க. எனக்கே முட்டி சத்தம் போடுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. டைப் செய்யும் வார்த்தைகளிலிருந்து எழுத்துகள் காணாமல் போகத் தொடங்கின. 'சிலப்பதிகாரம்' என்று அடித்தால் நடுவில் இரண்டு எழுத்து இருக்காது. திருத்துவார், அடுத்த வரியில் வேறு இரண்டு போயிருக்கும். ஒரு மாலையில் முடியும் வேலை வாரம் முழுக்க இழுத்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்து, சேமித்து, பள்ளிக்கு அனுப்பினார். பள்ளிக்குப் போனதோ பாதியில் அறுந்த கேள்வியோடு ஒரு தாள். சேமிப்பதற்கான விசையை அவர் அழுத்தியது உண்மை. அந்த அழுத்தமும் எங்கேயோ காற்றோடு போயிருக்கிறது.

தலைமையாசிரியை போன் செய்தார். நல்ல மனுஷி, அதுதான் கஷ்டம். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களுக்கும் எவ்வளவு சிரமம்? இனிமே வீட்ல மேடத்தையே டைப் பண்ணச் சொல்லிடுங்களேன்" என்றார்.

"சரிங்க மேடம்" என்று இவர் சொன்ன தொனியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அடுத்த தாளை நான் டைப் செய்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினேன். எனக்கும் எழுத்துகள் தப்பின. ஆனால் கண்ணால் பார்த்து உடனே போட்டுவிட முடிந்தது. அவர் கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. கல்யாணம் ஆன நாளாக அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.

மார்க்கெட்டில் எங்கள் கடைக்கு எதிரே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். நடுத்தர வயதுக்காரர், என்னைப் பல வருடமாகத் தெரியும். பூத்துணியை எடுத்து மானிட்டரைப் போட்டார். வைரஸ் பிடிக்கும் மென்பொருளை ஓட்டினார். ஏதோ ஒன்றிரண்டு சிக்கின. அழித்தார்.

"அவ்ளோதான் சார். க்ளீன்."

அவர் எங்கள் கேம்ப் ரோடு திருப்பத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். "விக்கல்" என்றார் என் வீட்டுக்காரர்.

மறுபடி அழைத்தேன். மறுபடி வந்தார், மறுபடி எதையோ பிடித்து அழித்தார். அவர் நாற்காலியில் இருக்கும்போதே இவர் கையைத் தூக்கினார். "இப்ப. இப்ப வந்துச்சு பாருங்க."

"இன்னா சார், ஸ்க்ரீன்ல ஒண்ணுமே இல்ல. நீங்களே பாருங்க" என்று சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டார். "நான் பாத்துட்டேன். நீங்கதான் பாக்கல."

"பேஜாரா கீது சார் இது. பேசாம ஃபார்மட் போட்டுடலாம். எல்லாத்தையும் தொடைச்சிட்டு புதுசா ஏத்திக்கலாம்."

எனக்கு அது சரியென்றே பட்டது. இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாம தொடைச்சா, மறுபடியும் நானே கூட்டிட்டு வந்துடுவேன். அப்புறம் மறுபடி தொடைக்கணும்" என்றார். அவர் சொல்லாத இன்னொன்றும் எனக்குத் தெரியும். புதிதாக ஏற்றி முடிக்கும்வரை கணினிக்குப் பேச்சே இருக்காது. அதுவரை அவர் அடுத்தவர் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. துடைத்துப் போட்ட பிறகும் எழுத்துகள் விழுந்தால், பிசகு கணினியில் இல்லை, தன்னிடம்தான் என்று ஆகிவிடும். ஊரே ஏற்கெனவே அப்படித்தான் நினைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, இருவரும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தோம். "நீங்க கேளுங்க, நான் பாக்கறேன். ரெண்டு பேரும் சேந்தா மாட்டாம எங்க போகும்?" என்றேன். கண்ணாடிக் கடைக்காரி இல்லையா, என் கண்மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

"இப்ப" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"இதோ."

"இல்லங்க. சத்தியமா ஒண்ணும் இல்ல."

இப்படியே கொஞ்ச நேரம் போனது. விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் ஒன்று தலைக்குமேல் உறுமிக்கொண்டு போனது. அது போகும்வரை அவர் விரலைக்கூட அசைக்கவில்லை. பிறகு அமைதியாகச் சொன்னார்: "மானிட்டரை ஆஃப் பண்ணு."

"ஏன்? நான் பாக்கறதுல என்ன தப்பு?"

"நீ பாத்துக்கிட்டே இருக்கறதால உனக்குக் கேக்கவே மாட்டேங்குது. ஆஃப் பண்ணு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உதவிக்கு வந்தால் குறையா என்று முணுமுணுத்துக்கொண்டே அணைத்தேன். அவர் குரலின் வேகத்தை எனக்காகக் குறைத்தார். அது பழைய பாடக் குறிப்பு ஒன்றை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தது. எதிரே கறுப்புக் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. அதையும் பார்க்க வேண்டாமென்று கண்ணை மூடிக்கொண்டேன்.

க்.

எனக்குக் கேட்டது. வார்த்தைக்கு நடுவே, யாரோ பேசுகிறவரின் வாயைச் சட்டென்று பொத்தி விட்டுவிட்டது போல. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவர் விளக்கினார்: கணினித் திரையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜன்னல், அதாவது 'விண்டோ', திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. அது திறந்திருக்கும் நேரத்தில் அவர் அடிக்கும் எழுத்துகளெல்லாம் அதற்குள் விழுந்துகொண்டிருக்கின்றன. ரிப்பேர்க்காரருக்கும் எனக்கும் முழுசாகக் கண் இருந்தும், அது எங்கள் முன்னாலேயே நடமாடியிருக்கிறது.

"கேட்டுச்சுங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி இருந்தது.

"அப்பாடா" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் தோள் இரண்டும் கீழே இறங்கியதைப் பார்த்தேன். அத்தனை நாளும் அவர் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்திருக்கிறார்.

பிறகு அவர் செய்ததை நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். விக்கல் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று அவருக்கு அத்துப்படியாகியிருந்தது. 'இப்போது எந்த ஜன்னலில் இருக்கிறோம்' என்று குரலிடம் கேட்பதற்குச் சில விசைகள் உண்டு. அவற்றின்மேல் விரல்களை வைத்துக்கொண்டு, கொசு உட்காரட்டும் என்று காத்திருப்பவர் மாதிரி மூச்சைப் பிடித்து உட்கார்ந்தார். ஒருமுறை தப்பியது. அடுத்த முறையும் தப்பியது. தெருவில் தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்து, பீப் பீப்பென்று கத்தி ஒரு முறையைக் கெடுத்தது. அதன்பிறகு வந்ததைப் பிடித்துவிட்டார். குரல் தெளிவாகப் படித்தது: "பிரிண்டர் அப்டேட்."

அவர் யோசித்தார். "பிரிண்டர் விஷயமா? அப்ப இது ஏதோ நியாயமான சமாச்சாரம்தான் போல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நம்ம வீட்ல ஏதுங்க பிரிண்டர்?"

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். எல்லார் வீட்டிலும் பிரிண்டர் இருக்கும் என்று நம்பி, அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் திருடன். காகிதத்தில் அச்சடித்து என் வீட்டுக்காரர் என்ன செய்யப்போகிறார்?

"நெட்டைப் பிடுங்கு" என்றார். பிடுங்கினேன். குறித்த நேரத்துக்குக் கணினி தானாகச் செய்யும் வேலைகளுக்கு ஒரு பட்டியல் உண்டாம். அது கணினிக்குள் எங்கோ மூலையில் இருக்கிறது. ரிப்பேர்க்காரர் அதைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடியது எனக்கு நினைவிருக்கிறது. காதால் ஒரு பார்வை பார்க்க முடியாது. ஒவ்வொன்றாக, முதலிலிருந்து, கேட்டுக்கொண்டுதான் வர வேண்டும். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். ஏராளமான பெயர்கள். நான் எழுந்து டீ போட்டு வந்தபோதும் கேட்டுக்கொண்டிருந்தார். டீ ஆறிய பிறகு அந்த பிரிண்டர் வந்தது. அழித்தார். மூடித் திறந்தார்.

க்.

"ஐயோ!" என்று நான் கத்தியே விட்டேன். அவர் கத்தவில்லை. அவர் முகத்தில் இருந்தது ஒருவித மரியாதை. "கெட்டிக்காரன்டா நீ" என்றார் கணினியைப் பார்த்து. ஒன்றை அழித்தால் அதைத் திரும்ப உண்டாக்க இன்னொன்று எங்கேயோ காவல் இருக்கிறது என்று விளக்கினார். ரிப்பேர்க்காரர் அழிக்க அழிக்க வந்ததும் அதனால்தானாம். யார் எழுதினார்களோ, எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார்களோ. இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு ஒரு தமிழ் வாத்தியாரின் எழுத்தைத் திருடுகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பிரமிப்பாகவும் இருந்தது.

காவல் இருந்தது எது என்று கண்டுபிடித்ததுதான் பெரிய கூத்து. சக ஆசிரியர்கள் அனுப்பும் வினாத் தொகுப்புகள் பழைய எழுத்துருவில் இருக்கும். கண்ணுக்கு அது அழகான தமிழ். அந்தக் குரலுக்கோ வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. அதை அவர் படிக்க வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அதற்காக ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து இலவச மென்பொருள் ஒன்றை இறக்கியிருந்தார். தமிழைத் தமிழாக மாற்றித் தரும் அந்த நல்லவன்தான் கணினி திறக்கும்போதெல்லாம் கூடவே எழுந்து, திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தான். முதலில் அவனை நீக்கினார். பிறகு பிரிண்டரை. பிறகு அது இருந்த இடத்தைத் தேடிப் போய் மிச்சத்தை. கணினியை மூடித் திறந்தார்.

காத்திருந்தோம். குரல் பாடக் குறிப்பைப் படித்துக்கொண்டே போனது. நான் கண்ணை மூடியே இருந்தேன். விக்கல் வர வேண்டிய இடம் வந்தது, போனது. அடுத்ததும் போனது. அந்தப் பாடம் முடியும்வரை கேட்டோம். பிறகு இணைப்பைச் செருகி, இன்னொரு பாடமும் கேட்டோம். ஒரு தடங்கலும் இல்லை. அன்றைக்கே வங்கிக் கடவுச்சொற்களை எல்லாம் என் போனிலிருந்து மாற்றினோம். வேறு நல்ல இடத்திலிருந்து எழுத்துரு மாற்றி ஒன்றை ரிப்பேர்க்காரரே மறுநாள் தேடிக் கொடுத்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "சார் காது காதில்ல மேடம், அது வேற இன்னாமோ" என்றார். நான் பெருமையில் அன்றைக்குக் கடையில் ஒருவருக்கு பில்லைத் தப்பாகப் போட்டேன்.

அரையாண்டுத் தேர்வுக்கான தாளை அவர் தானே டைப் செய்தார். நான் மானிட்டரைப் போடவில்லை. பின்னால் நின்று எட்டிப் பார்க்கவும் இல்லை. சரிபார்த்துத் தரட்டுமா என்ற கேள்வி தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

தாள் போய்ச் சேர்ந்த மறுநாள் தலைமையாசிரியை போன் செய்தார். இவர் எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டார்.

"கேள்வித்தாள் வந்துச்சு சார். ஒரு இடத்துலகூடத் தப்பு இல்ல. மேடத்துக்கு என் தேங்க்ஸ் சொல்லிடுங்க."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவளுக்கு எதுக்கு மேடம் தேங்க்ஸ்? டைப் பண்ணது நான்."