மருமகளுக்கு ஆகாதவை

அப்பாவின் கடைசித் தங்கைக்கு வீசிங் இருந்தது. அதனால் முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு மட்டும் மற்ற வீடுகளைப் போல இருக்காது. ஜன்னல்களுக்குத் திரை கிடையாது. கொசுவத்தி கிடையாது, எல்லோரும் வலைக்குள் புகுந்து படுத்துக்கொள்வோம். சாமிக்கு எண்ணெய் விளக்கோடு சரி, ஊதுவத்தியும் சாம்பிராணியும் வாசற்படி தாண்டி உள்ளே வராது. அம்மா தரையை ஈரத்துணியால்தான் துடைப்பாள். தலையணை உறைகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து மாடி வெயிலில் உலர்த்துவாள். மழைக்காலத்தில் குளியலறைச் சுவரில் பூஞ்சை பூத்தால் அப்பா அதைச் சுரண்டித் துடைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா என்றைக்கோ சொன்னதை அம்மா வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தாள். அத்தையும் நன்றாகவே இருந்தாள்.

கல்யாணப் பேச்சு வந்ததும்தான் எல்லாம் கெட்டது.

அரியாங்குப்பத்தில் ஒரு வரன் இருப்பதாகத் தரகர் வந்து சொன்னார். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஊரில் எல்லோரும் அவரைப் பிரெஞ்சுக்காரர் மாதிரி மரியாதையாக ‘முசே’ என்றுதான் கூப்பிடுவார்களாம். பெரிய இடம். வீசிங் விஷயத்தைக் கல்யாணம் முடிகிற வரைக்கும் வாயே திறக்கக் கூடாது என்று தரகர் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். முன்பு இரண்டு வரன்கள் அதனாலேயே தட்டிப்போயிருந்தன.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூச்சு என்ற சொல்லே தடை செய்யப்பட்டது. ‘மூச்சு விடாம சாப்பிடு’ என்று அம்மா என்னிடம் சொல்ல வந்து, பாதியில் நிறுத்தி விழித்தாள். யாராவது கேட்டால் அத்தைக்கு எப்போதாவது சளி பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். எனக்கு எட்டு வயது. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி மனப்பாடம் செய்தேன்.

பிறகு அப்பாவுக்கு இன்னொரு கவலை வந்தது. திரையில்லாத, சாம்பிராணி வாசனையில்லாத வீட்டைப் பார்த்தால் வருகிறவர்களுக்குச் சந்தேகம் வராதா? ஆகவே வீட்டை ஊரிலுள்ள வீடுகளைப் போல ஆக்குவது என்று முடிவாயிற்று. சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த சித்தப்பா டப்பா டப்பாவாகப் பெயிண்ட் வாங்கிவந்து, கூடத்துச் சுவரிலிருந்து ஜன்னல் கதவு வரைக்கும் ஒன்று விடாமல் அடித்தார். எதிர்வீட்டிலிருந்து கனத்த திரைச்சீலைகள் வந்தன. இன்னொரு வீட்டிலிருந்து வெல்வெட் சோபாவும், அதற்குத் துணையாகத் தூசி படிந்த பிளாஸ்டிக் ரோஜாக்களும் வந்தன. எல்லாவற்றுக்கும் மேலாகச் சித்தப்பா ஒரு ரூம் ஸ்பிரே வாங்கிவந்து, கொசுவை விரட்டுகிறவர் மாதிரி மூலை மூலையாக அடித்துக்கொண்டு நடந்தார்.

இதெல்லாம் எதற்கு என்று அத்தை ஒருமுறை கேட்டாள். உனக்காகத்தான் என்றார் அப்பா. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஈரத்துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு, பெயிண்ட் அடித்த இரண்டு நாளும் பின்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் வருகிற நாளன்று அம்மா சாம்பிராணியும் போட்டாள். அத்தை மருந்தை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, அந்த நீல இன்ஹேலர் குழலை என்னுடைய ஜிகினா வைத்த கைப்பைக்குள் போட்டாள். பட்டுப்புடவையில் அதை ஒளிக்க இடமில்லை. தான் கண்ணைக் காட்டினால் பின்கட்டுக்கு வந்து கொடுக்க வேண்டும், வேறு யார் கண்ணிலும் படக்கூடாது என்றாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் கூடத்து மூலையில் நின்றேன்.

தரகர் முன்னால் வர, முசே தொப்பியோடு வந்தார். மாப்பிள்ளை ஒல்லியாக, வியர்த்துப்போய் வந்தார். அவருடைய அம்மாவைப் பார்த்துத்தான் எங்கள் வீடே நடுங்கியது. நல்ல உயரம், இரண்டு பக்கமும் மூக்குத்தி, பேச்சே கிடையாது. நேராகப் போய் வெல்வெட் சோபாவில், சாம்பிராணித் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முசே அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா லேசாக இருமினார். தண்ணீர் கொடுத்தோம். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார். அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. நகை குறைவு என்றுதான் பெருமூச்சு விடுகிறார் என்று அவருக்குப் பட்டதாம். அடுத்த பெருமூச்சு வீட்டைப் பார்த்து என்று அம்மா நினைத்தாளாம். சித்தப்பா மட்டும் பெயிண்ட் நெடிதான் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்து, எழுந்துபோய் ரூம் ஸ்பிரேயை இன்னும் நாலு தடவை அடித்துவிட்டு வந்தார்.

ஜன்னலைத் திறக்கலாமா என்று அந்த அம்மா கேட்டார். சித்தப்பா திரையை விலக்கித் தள்ளினார். பிறகு அப்பாவும் சேர்ந்து தள்ளினார். கதவும் சட்டமும் புதுப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. நேற்றுதான் அடித்தோம் என்று அப்பா பெருமையும் சங்கடமுமாகச் சொன்னார்.

அப்போது அத்தை காப்பித் தட்டோடு வந்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். எங்களுக்கெல்லாம் பெருமூச்சாகக் கேட்டது அவளுக்கு வேறாகக் கேட்டிருக்கிறது. அந்த அம்மாவின் தோள்கள் ஏறி இறங்குவதை ஒருமுறை பார்த்தாள். மாப்பிள்ளையின் முகத்தை ஏறிட்டும் பார்க்காமல் தட்டைத் தரையில் வைத்தாள்.

“எழுந்து வாங்க. பின்னாடி காத்து வரும்” என்று அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

நானும் பின்னால் ஓடினேன். துவைக்கிற கல்லில், பட்டுப்புடவையோடு, அந்த அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்த அத்தை என்னிடம் கையை நீட்டினாள்.

“யாருக்கும் காட்டக் கூடாதுன்னு சொன்னியே” என்றேன்.

“குடு.”

அவள் குழலின் வாயைத் துடைத்து நீட்டினாள். எப்படி இழுப்பது என்று அந்த அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இழுத்தார், மூச்சை அடக்கினார், விட்டார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. மெல்ல மெல்ல அவர் நெஞ்சிலிருந்து வந்த விசில் சத்தம் அடங்கியது. கூடத்தில் காப்பி ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

“இதே மருந்துதான் வூட்ல பீரோவுல, பொடவைக்கு அடியில கெடக்குது” என்றார் அந்த அம்மா. “அவரு கண்ணுல காட்டறதில்ல. சளின்னு சொல்லிக்குவேன்.”

நானும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

எப்போதும் வீடு இப்படித்தான் இருக்குமா என்று அவர் கேட்டார். இல்லை, இன்றைக்கு மட்டும் உங்களுக்காக என்று அத்தை உண்மையைச் சொல்லிவிட்டாள். வலை, ஈரத்துணி, கொதிக்கிற தண்ணீர், புகையில்லாத பூஜை எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மா அதை ஏதோ வெளிநாட்டுக் கதை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இதுக்கெல்லாம் உங்க அண்ணன் ஒத்துக்கிறாரா?”

“எனக்கு ஆகாதுன்னா செய்ய மாட்டாரு” என்றாள் அத்தை.

அந்த அம்மா புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து உள்ளே போனார். சோபாவுக்குப் போகாமல் வாசல் ஓரமாக நின்றுகொண்டு சொன்னார்.

“பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஆனா அதுக்கு வீசிங் இருக்குது. நீங்க மறைச்சிட்டீங்க. பரவால்ல, நாங்க பாத்துக்குறோம்.” பிறகு முசேயைத் திரும்பிப் பார்த்து, “அந்த சிகரெட்ட வெளியில போட்டுட்டு வாங்க. பொண்ணுக்கு ஆகாது” என்றார்.

முசே வெலவெலத்துப்போய் எழுந்து வெளியே போனார். தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. இழுத்தது அந்த அம்மாவுக்கு. பெயர் மட்டும் அத்தைக்கா? சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அத்தை என் சடையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் ஆயிற்று. மறுவீடு போனபோது, அரியாங்குப்பம் வீட்டின் கூடத்தில் சுவருக்குச் சுவர் கிடந்த கம்பளத்தைப் பார்த்தேன். முசே பிரான்சிலிருந்து கொண்டுவந்ததாம். வந்த நாளிலிருந்து தண்ணீரைக் கண்டதில்லையாம். அடுத்த முறை போனபோது அது இல்லை. அதற்கடுத்த முறை முசே வெளிக் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, தெருவைப் பார்த்தபடி புகைத்துக்கொண்டிருந்தார். வந்த பெண் அவள் வீட்டில் நம்மைப் பற்றி என்ன சொல்லுவாளோ என்ற பயம் அவருக்கு. பிறகு ஊதுவத்தி போயிற்று, திரைகள் போயின, அடுப்படிக்குப் புகைபோக்கி விசிறி வந்தது.

சித்தப்பாவின் கல்யாணத்துக்கு அந்த அம்மா வந்திருந்தார். பந்தலில் பெண்கள் நடுவே உட்கார்ந்து தன் மருமகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவளுக்குக் கம்பளம் ஆகாது, கொசுவத்தி ஆகாது, வறட்டுத் துடைப்பம் ஆகாது, வாரா வாரம் தலையணை உறையைச் சுடுதண்ணியில் போட வேண்டும், இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும் என்று. கேட்டவர்கள் அவருக்காக உச்சுக்கொட்டினார்கள். இவ்வளவு கொடுமைக்கார மாமியாரிடம் போய் அத்தை மாட்டிக்கொண்டாளே என்று நினைத்தேன். தூண் மறைவில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். இலை போட்டுக் கூப்பிடுகிற வரைக்கும் அவர் நிறுத்தவேயில்லை. அவ்வளவு நீளமாகக் குறை சொல்லியும் நடுவில் ஒருமுறைகூட அவருக்கு மூச்சு வாங்கவில்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.