ஸ்டேஷனுக்கு அருகே வீடு கேட்டவர்

சிவகாமி இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடைய எதிர்வீட்டு முத்துலட்சுமி. குமுளியில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த காலை அது. கட்டட வேலை நடக்கும் இடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, மேடம் போயிட்டாக. பால் பாக்கெட்டு வாசல்லயே கெடந்துச்சு. தட்டித் தட்டிப் பாத்துட்டு, கதவ ஒடச்சுத்தான் உள்ள போனோம். நாற்காலியில சாஞ்சு தூங்குற மாதிரியே இருக்காக." பிறகு, "யாருக்குச் சொல்லணும்னு எங்களுக்குத் தெரியலக்கா. அவுக போன்ல உங்க நம்பருதான் மேல இருந்துச்சு" என்றார்.

கம்பத்துக்கு இறங்கும் பஸ்ஸில் உட்கார்ந்து, யாருக்கெல்லாம் சொல்வது என்று யோசித்தேன். அவரோடு வேலை பார்த்தவர்களில், இதைப் படிக்கும் உங்களில் சிலருக்குச் சொன்னேன். பிறகு அவருடைய அண்ணனை அழைத்தேன். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு போனை வைத்துவிட்டார். அதற்கு மேல் அழைப்பதற்கு யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை.

சிவகாமி கிழக்குப் பாலக்காட்டில் தென்னந்தோப்பும் வயலும் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். நகரமைப்பு படித்து, அரசு வேலையில் இருந்து, அதை விட்டுவிட்டு வந்தவர். பொள்ளாச்சி ரயில் பாதையில் ஒரு சிறிய ஸ்டேஷனைச் சுற்றிக் குடியிருப்பு அமைக்க ஒரு கூட்டுறவுச் சங்கம் முனைந்தபோது திட்டப் பொறுப்பை அவர் ஏற்றார். பொறியாளராக நானும் அப்போதுதான் சேர்ந்தேன். என் ஊர் இடுக்கி மலையில் இருக்கும் சித்திரபுரம். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவர். என் தமிழ் சிவகாமிக்கு வேடிக்கையாக இருக்கும், அவருடையது எனக்கு. ஏறக்குறைய ஒரே வயதுதான் என்றாலும் கடைசிவரை 'நீங்க' என்றே பேசிக்கொண்டோம்.

எத்தனை வீடு, என்ன விலை என்பதுதான் சங்கம் முதலில் கேட்ட கேள்வி. சிவகாமி காகிதத்தில் எதையும் வரையாமல் காலை ரயில் நேரத்தில் பிளாட்பாரத்துக்குப் போய் நின்றார். என்னையும் அழைத்துப் போனார். பாலக்காட்டுக்குப் போகிறவர்களிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். முத்துலட்சுமியை நாங்கள் முதலில் பார்த்தது அங்கேதான். மாமனார் ஓய்வு பெற்றதும் எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்குத் தந்த லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு இடுக்கி மலையிலிருந்து இறங்கிய குடும்பம். முத்துலட்சுமி நகரத்து ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போய்வந்தார்.

"முன்ன இந்தா, இந்த ரோட்டுலதான் இருந்தோம்" என்று ஸ்டேஷன் வாசலைக் காட்டினார். "இன்னும் நெறைய ரயிலு வரப் போகுதுன்னு வாடகைய ஏத்திட்டாக. இப்ப தூரமாப் போயிட்டோம், இருட்டுலயே நடக்கத் தொடங்கினாத்தான் இந்த ரயிலப் பிடிக்க முடியும்."

ரயில் போன பிறகு சிவகாமி வெறும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பாத்தீங்களா செல்வி? ரயிலு ஆருக்கு வேணுமோ, அவிங்களத்தானுங்க ஸ்டேஷன் தொலவாத் தள்ளுது." அவருடைய திட்டம் அந்த வாக்கியத்திலிருந்து வந்தது. பாதி வீடுகள் சந்தை விலைக்கு. பாதி வீடுகள் வருமானத்துக்கேற்ற வாடகைக்கு. இரண்டும் கலந்து, ஒரே படிக்கட்டில், எதிரெதிர்க் கதவுகளாக.

சங்கத்துக்கு நிலம் தருபவர்களின் கூட்டத்தில் எழுந்து மறுத்தவர் அவருடைய அண்ணன்தான். அவர் கெட்ட மனிதர் அல்ல. அன்று அவர் பேசியது அங்கிருந்த பெரும்பாலோரின் மனதிலும் இருந்ததுதான்.

"விக்கற ஊடு தனியா இருக்கோணுமுங்க. வாடகை ஊடு தனி. நடுவுல ஒரு செவுரு, ரெண்டு கேட்டு. இல்லீனா ஆரு வெல குடுத்து வாங்குவாங்க?"

அவர்களுடைய அப்பா சிவகாமிக்கென்று எழுதிவைத்த தோப்பு, சாலைக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருந்தது. அது இல்லாமல் அங்கே வழியே கிடையாது. சிவகாமி மெதுவாகச் சொன்னார். "செவுரு வெச்சா என்ற பங்கு இதுல வராதுங்கண்ணா."

"அப்பன் குடுத்தத வெச்சு அண்ணனையே மடக்கறயா அம்மிணி? சரி. செவுரு வேண்டாம். நீயும் இனி ஊட்டுப் பக்கம் வராத" என்று சொல்லிவிட்டு அண்ணன் வெளியேறினார்.

சுவர் இல்லாத திட்டத்தையே கூட்டம் ஏற்றது. அன்று சிவகாமியும் நானும் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். "பொங்கலுக்கு எங்க போறதுன்னு நெனச்சிட்டிருக்கனுங்க" என்று அவரே சொல்லிச் சிரித்தார். அந்தப் பொங்கலுக்கு என்னோடு சித்திரபுரம் வந்தார். குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அம்மாவோடு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

வீடுகள் கட்டி முடிந்ததும் விலை கொடுத்து ஒன்றை வாங்கி அவரும் அங்கே குடிபுகுந்தார். முத்துலட்சுமி குடும்பத்துக்கு வாடகைக்கு வந்தது எதிர்க்கதவு. என் வேலை முடிந்து நான் குமுளிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசிக்கொள்வோம். அவர் நினைத்தபடி எல்லாம் நடந்துவிடவில்லை என்பது அந்தப் பேச்சுகளில்தான் எனக்குத் தெரியவந்தது. வீடு வாங்கியவர்கள் வாட்ஸப்பில் தனிக் குழு வைத்துக்கொண்டார்கள். வாடகைக்காரர்கள் முற்றத்தில் உட்காரக் கூச்சப்பட்டார்கள். படியில் எதிரே வந்தால் இரு தரப்பும் ஒதுங்கி வழிவிட்டார்கள், அவ்வளவுதான். அவர் நிலைதான் இன்னும் மோசம். வாங்கியவர்களுக்கு அவர், மற்றவர்களைக் கொண்டுவந்து வைத்தவர். மற்றவர்களுக்கோ அவர் ஆபீஸ் ஆள்.

"எல்லாரும் மேடம்னுதானுங்க கூப்படறாங்க. நீங்க ஒருத்தருதான் பேரு சொல்றீங்க" என்றார் ஒருமுறை. இன்னொருமுறை, "ஒரே படியில ஏறோணும்னு பிளான்ல போடலாமுங்க. நின்னு பேசோணும்னு எப்படிப் போடறது?" என்று கேட்டார்.

ஸ்டேஷன் பக்கம் திறக்கும் பின்கேட்டைப் பூட்ட ஒரு மழைக்காலத்தில் வீடு வாங்கியவர்கள் முடிவு செய்தார்கள். பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். அதைப் பூட்டினால் காலை ரயிலுக்குப் போகிறவர்கள் சாலையைச் சுற்றி வர வேண்டும்; பலருக்கு ரயில் தவறிவிடும். சிவகாமிக்கு அப்போது முழங்கால் வலி. இருந்தாலும் விடியும் முன்பே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்க் கேட்டின் நடுவில் போட்டு, குடை பிடித்து உட்கார்ந்தார். மறுநாளும் போனார். யாரும் அவரோடு நிற்கவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் தலையைக் குனிந்தபடி அவரைக் கடந்து போனார்கள். பேசினால் வாடகை வீடு போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. கடைசியில், வீடு வாங்கியவர்களில் வங்கி வேலைக்குப் போகும் ஒரு பெண், "இந்த வழியா நானும்தானே போறேன்? பூட்டாதீங்க" என்று குழுவில் சொன்ன பிறகு பேச்சு அடங்கியது. கேட் இன்றும் திறந்திருக்கிறது. அந்தப் பெண் பிறகு அவரோடு பேசினாரா என்று சிவகாமியிடம் கேட்டேன். "படியில பாத்தா சிரிப்பாங்க" என்றார்.

அவர் இறந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. முற்றத்தில் வேட்டி சட்டையோடு ஒரு முதியவர், கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு தனியாக நின்றார். அருகில் போன பிறகுதான் அது சிவகாமியின் அண்ணன் என்று தெரிந்தது.

"அம்மிணி ஊடு எதுங்க?" என்று என்னிடம் கேட்டார். அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அந்தக் குடியிருப்பு இருக்கிறது.

மேலே அழைத்துப் போனேன். தங்கையின் கால்மாட்டில் நெடுநேரம் நின்றார். "எங்கூட்டுல கொஞ்ச நேரம் வெச்சிருந்துட்டுக் கொண்டு போலாமுங்க" என்றார். மறுப்பதற்கு அங்கே யாரும் இல்லை.

உடலை இறக்கும்போது படி திரும்பும் இடங்களில் பாடை திரும்பவில்லை. இரண்டு பக்கக் கதவுகளையும் திறந்து, வீட்டுக்குள் கொஞ்சம் நுழைந்துதான் திருப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு மாடியிலும் வாங்கியவர் வீடும் வாடகை வீடும் திறந்தன. "இந்தப் பக்கம் சாய்ங்க", "காலப் பாத்து" என்று அதுவரை பேசாதவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். முத்துலட்சுமியின் கணவரோடு அண்ணனும் தோள் கொடுத்தார். நான் காலியான வீட்டு வாசலில் நின்று அந்தக் குரல்கள் கீழே இறங்கிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவரை அறிந்த நமக்கு அவருடைய வரைபடங்கள் இருக்கின்றன, அந்த வீடுகளும் இருக்கின்றன. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அவருடைய கடைசி அழைப்பை. வழக்கமான ஞாயிறு அல்ல, ஏதோ ஒரு வார நாள் சாயங்காலம். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"சும்மாதானுங்க கூப்பிட்டேன். ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கேன். இப்பத்தான் ரயிலு வந்துட்டுப் போச்சு. மழைங்க. எறங்குனவங்க ஆரும் நனையல. எல்லாரும் ஊட்டுக்கு வந்துட்டாங்க."